அடுத்த கைக்குப் போகாத சமாதானம்

(காட்சி: தேவாலயத்தின் மூன்றாவது பெஞ்ச். நீட்டிய இரண்டு கைகள்.)

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்து ஆராதனை, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் ஆராதனை. ஆயர் கொடுத்த சமாதானம் கைமாறிக் கைமாறி பெஞ்ச் பெஞ்சாக வருகிறது. ஒருவர் வலது உள்ளங்கையை இன்னொருவர் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையை மேலே பொத்திக்கொள்வார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் அம்மா வரைக்கும் வந்தது. அடுத்து இருந்தவர் பெரியம்மா. ஆச்சியின் சங்கிலி யாருக்கு என்ற சண்டையில் இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா கையை நீட்டினார். பெரியம்மா ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

தேவனோடு சமாதானம், மனுஷரோடு சமாதானம். இந்த இரண்டையும் வெவ்வேறு கணக்காக வைத்துக்கொள்ள முடியுமா? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்தக் கைகளைப் பற்றி. 1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அதுவரை தனித்தனி முறைமைகளில் வளர்ந்தவர்கள். 1950-இல் வந்த புதிய ஆராதனை முறையில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த இந்தக் கைகொடுக்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். சேர்த்த இடத்தைக் கவனியுங்கள்: காணிக்கைக்கு முன்னால்.

காரணம் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்து நிற்கிறாய். "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" அங்கே ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, அப்புறம் வா என்கிறார் இயேசு.

(காட்சி: கலிலேயாவிலிருந்து எருசலேமுக்கு ஒரு கோடு.)

இதை அவர் பேசியது கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல், நாள்கணக்கான நடை. கேட்டுக்கொண்டிருந்த கலிலேயக்காரர் மனசில் என்ன ஓடியிருக்கும்? ஆட்டுக்குட்டியைக் கோயிலில் விட்டுவிட்டு ஊருக்கு நடந்துபோய், தம்பியிடம் பேசிவிட்டு, மறுபடி நடந்து வர வேண்டும். அதுவும் எனக்கு அவன்மேல் குறை என்றால் அல்ல, அவனுக்கு என்மேல் குறை என்றால்! பல வருஷம் இந்த வசனத்தைத் தலைகீழாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால், மனுஷரோடு சரிசெய்தால்தான் தேவன் நம்மை ஏற்றுக்கொள்வாரா? இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபம் 5:1-இல் அப்போஸ்தலன் பவுல் தேவனிடத்தில் சமாதானம் "பெற்றிருக்கிறோம்" என்கிறார். பெறுவோம் என்று சொல்லவில்லை. அதே அதிகாரம் பத்தாம் வசனத்தில், நாம் சத்துருக்களாக இருக்கும்போதே அவரோடு ஒப்புரவாக்கப்பட்டோம் என்கிறார். சண்டையில் முதலில் படியிறங்கி வந்தவர் தேவன். நம்மைத் தேடி வந்தார் என்று விசுவாசிக்கிற ஒருவர், 'அவளே முதலில் வரட்டும்' என்று எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? என்னைப் பொறுத்தவரை இரண்டு சமாதானமும் ஒன்றாகிற இடம் இதுதான்.

ஒப்புரவு என்ற சொல்லே எனக்கு ரொம்பப் பிடிக்கும். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஊரார் நீர் உண்ணும் குளம் நிறைந்ததுபோல, உள்ளூர்ப் பழமரம் பழுத்ததுபோல என்று பிறருக்குப் பயன்படும் வாழ்க்கையைச் சொல்லும் அதிகாரம். வேதாகமத் தமிழ் அந்தச் சொல்லை எடுத்துப் பகை தீர்வதற்கு வைத்துக்கொண்டது. கத்தோலிக்க சபையில் பாவசங்கீர்த்தனத்துக்கே, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கே, ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர்.

சரி, நாம் போயும் அவர்கள் கதவைத் திறக்கவில்லை என்றால்? ரோமர் 12:18-இல் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இருக்கிறது. பவுலுக்கு நிலவரம் தெரியும். எதிராளியின் மனசு நம் கையில் இல்லை. ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணிடம் இந்த வசனத்தைக் காட்டுவது பாவம். கொடுமைக்கு அடங்கி இருப்பதைச் சமாதானம் என்று வேதம் சொல்லவில்லை. மன்னிப்பதற்கும், பாதுகாப்பான இடத்தில் தங்குவதற்கும் ஒரு விரோதமும் இல்லை.

(காட்சி: மூடிய தூக்குவாளி.)

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. மறுநாள் மத்தியானம் தூக்குவாளியில் மீன்குழம்பு ஊற்றிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். "அக்கா, சங்கிலி விஷயத்துல நான் பேசினது தப்பு" என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாளியை வாங்கி உள்ளே கொண்டுபோனார். நாங்கள் திண்ணையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கழுவித் துடைத்த வாளி திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே அரைவட்டு கருப்பட்டி இருந்தது.