நெருங்கிச் சுற்றும் வெண்குறுமீன்களின் வரவுசெலவு

சபையோருக்கு வணக்கம். ஐந்தொகை எடுத்துப் பார்க்கும் பழக்கம் ஊறிய காரைக்குடியில் பேசுவதால், இன்றைய பொருளையும் ஒரு கணக்காகவே வைக்கிறேன்.

கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலிருந்து வானை அளந்துவரும் குழுவினர் 2019-இல் ஓர் இணையை அறிவித்தார்கள். இசட்.டி.எஃப். ஜே1539 என்ற அந்த இணையில் இரண்டு வெண்குறுமீன்கள், அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் விட்டுச்சென்ற சிறிய, அடர்ந்த மையங்கள், ஏழு நிமிடத்துக்குள் ஒன்றையொன்று சுற்றிவிடுகின்றன. சனிக்கோளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தால் இரண்டும் அதன் குறுக்களவுக்குள் அடங்கிவிடும். வெண்குறுமீனாவதற்கு முன் ஒவ்வொன்றும் சூரியனைவிடப் பன்மடங்கு வீங்கிய சிவப்புப் பெருமீனாக இருந்திருக்க வேண்டுமே, அவ்வளவு பெரியவை இந்தச் சிறிய இடத்துக்குள் எப்படி வந்தன?

இதற்கான விடையைப் போலந்து வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி 1976-இல் முன்வைத்தார். இணையில் ஒன்று வீங்கும்போது அதன் வளிமம் துணைமீனின் மேல் கொட்டுகிறது. துணையால் ஏற்க முடியாத அளவுக்கு அது பெருகினால், இரண்டையும் ஒரே உறை மூடிக்கொள்கிறது. அந்தப் பொது உறைக்குள் உராய்ந்தபடி சுற்றும் இரண்டும் தம் சுற்றுப்பாதையின் ஆற்றலைச் செலவிட்டு உறையை வெளியே தள்ளுகின்றன. செலவழிந்த முதலுக்கு ஈடாகப் பாதை சுருங்குகிறது. இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையான இடம் இதுதான். கணினிகள் இன்னும் முழுதாக அவிழ்க்காத முடிச்சும் இதுவே. எனினும் சான்று வலுவானது. நான் சொன்ன இணையின் இளைய துணைக்குச் சூரிய நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உண்டு. அவ்வளவு இலேசான வெண்குறுமீன் தனித்த விண்மீனிலிருந்து உருவாக இப்பேரண்டத்தின் வயது போதாது; ஆகவே அதன் மேலடுக்கைத் துணையே உரித்திருக்கிறது.

உறை போன பின்னும் செலவு நிற்பதில்லை. ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, சுற்றும் இணை, வெளியையே அதிரச்செய்து பரவும் ஈர்ப்பு அலைகளாக ஆற்றலைக் கசியவிடுகிறது. இழக்க இழக்க நெருங்குகிறது, நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. தூரம் பாதியானால், மீந்த ஆயுள் வீசமாகிவிடும், அதாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். 2011-இல் கண்டறியப்பட்ட ஜே0651 என்ற இணை 12.75 நிமிடத்தில் சுற்றுகிறது; ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, அதில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் மறைப்புகள் ஏறக்குறைய ஆறு நொடி முந்தி நிகழ்ந்தன.

பிறகு என்ன ஆகும்? வெண்குறுமீன்களில் நிறை குறைந்ததே உருவில் பெரியது. ஆகவே அதுவே முதலில் தன் பொருளை இழக்கத் தொடங்கும். துணைகளின் நிறைகளுக்கிடையே வேறுபாடு மிகுந்திருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அமைதியாக நடக்கும். கொடுப்பது மேலும் வீங்க, பாதை திரும்பவும் விரியும். ஏ.எம். கேனம் வெனாட்டிகோரம் வகை விண்மீன்கள் இவ்வாறு அமைந்தவை. நிறைகள் ஏறத்தாழ ஒத்திருந்தால் இரண்டும் கலந்துவிடும். கலந்த நிறை, சந்திரசேகர் கணித்த 1.4 சூரிய நிறை என்னும், வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ, ‘ஒன்று-ஏ’ (Ia) வகைச் சூப்பர்நோவாவாக வெடிக்கக்கூடும். எல்லையைத் தொடாமலே வெடிப்பதற்கும் வழி உண்டு என்று கருதுவோர் இன்று பலர்.

இவ்விணைகள் கசியவிடும் ஈர்ப்பு அலைகளை நிலத்திலுள்ள கருவிகளால் பிடிக்க முடியாது. தரையின் அதிர்வு அவற்றை மூழ்கடித்துவிடும். அதற்காகவே ஐரோப்பிய விண்வெளி முகமை, 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று கலங்களை விண்வெளியில் நிறுத்தி அவ்வலைகளை அளக்கும் லிசா திட்டத்துக்கு 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. 2030-களின் நடுவில் ஏவப்படவிருக்கும் அக்கருவியைச் சரிபார்க்க உதவப்போகும் இணைகளுள், நாம் மேலே பார்த்த இரண்டும் உள்ளன.