சேவைக்குத் தள்ளுபடி கிடையாது! ஒரு ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரச் சண்டை | சேலம் வ்லாக்

வணக்கம் மக்களே. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன், தலைமுடியைப் பற்றி யாரும் கமென்ட் போடாதீர்கள். ஏற்காடு மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நிற்கிறேன். மொத்தம் 20, இன்னும் 11 பாக்கி. வண்டியில் முன்னால் மலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நோட்டுப் புத்தக மூட்டை, பின்னால் என் மகள். அவள் தட்டுவடைப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டாள், அதை ஒரு குரங்கும் பார்த்துவிட்டது. நேற்று செவ்வாப்பேட்டை வெள்ளிக் கடையில் நடந்ததைக் கொட்டாமல் பத்தாவது வளைவு ஏற மாட்டேன்.

சுருக்குப் பை வீடியோ பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: கடையில் வெள்ளிக் கொலுசைப் போட்டுத் தருகிறார்களே, அந்தத் துணிப் பையை நாங்கள் தைக்கிறோம். பொன்னம்மாப்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் நான்கு அக்காக்கள், மூன்று மிஷின். ஒரு பை ஒன்பது ரூபாய் என்று பேசி, 3,000 பை தைத்து, நேற்று கொண்டுபோய் இறக்கினேன். எண்ணி முடித்த பிறகு கடைக்காரர் சொல்கிறார், "எட்டு போட்டுக்க கண்ணு." ஏனுங்கண்ணா என்றேன். "நீ சேவைதானே பண்ற? உனக்கெதுக்கு லாபம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கத்தவில்லை. அவருடைய பில் புத்தகத்தின் பின்னட்டையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். துணி இரண்டே கால் ரூபாய். நாடா முக்கால் ரூபாய். தையல் கூலி நான்கு. நூல், கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஒன்று. ஆக எட்டு. அவர் குறைக்கச் சொல்கிற அந்த ஒரு ரூபாய்தான் நானும் என் மகளும். பள்ளி வேன், அவள் செருப்பு, இந்த மலைக்கு வருகிற பெட்ரோல், எல்லாம் அந்த ஒரு ரூபாய்க்குள்தான். "அப்ப கூலியில குறை" என்கிறார்! அந்த நான்கு ரூபாயில் எட்டணாகூடக் குறைக்க மாட்டேன். அந்த அக்காக்களுக்கு வேலை வேண்டும் என்றுதானே இதைத் தொடங்கினேன்? கூலியைக் குறைத்துவிட்டு மலைக்கு நோட்டு கொடுத்தால் அது என்ன சேவை?

சொல்ல மறந்துவிட்டேன், இத்தனைக்கும் மகள் கல்லாப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்காமல், "ஒன்பது மூவாயிரம் இருபத்தேழாயிரம், எட்டு மூவாயிரம் இருபத்துநாலாயிரம், மூவாயிரம் குறையுதும்மா" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். கொலுசு வாங்க வந்த ஒரு பாட்டி சிரித்துவிட்டார். பாதிச் சண்டை அங்கேயே ஜெயித்தாயிற்று.

மீதிப் பாதியை ஜெயித்தது உத்யம் சான்றிதழ், அதாவது குறுந்தொழில் என்று அரசிடம் பதிவு செய்ததற்கான சான்று. பணம் எப்போது தருவீர்கள் என்றதற்கு "தீபாவளி கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். குறுந்தொழில் என்று பதிவு செய்தவர்களிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 2006ஆம் வருஷத்துச் சட்டம். 2024 ஏப்ரலில் இருந்து இன்னொன்றும் சேர்ந்தது: கெடு தாண்டினால், பணத்தை எந்த வருஷம் கொடுக்கிறாரோ அந்த வருஷம்தான் அதைச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியும். இதைச் சொன்னதும் கடைக்காரர் முகத்தில் ஒன்றுமில்லை, உள்ளே இருந்த கணக்குப்பிள்ளைதான் எழுந்து வந்தார்! காதில் ஏதோ சொன்னார். ஒன்பது ரூபாய் ஆகிவிட்டது. ஒன்றரை மணி நேரம், நடுவில் ஒரு டீ. அந்த டீயும் சுமார்தான்.

அந்த உத்யம் பதிவு இலவசம், கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசு தளத்தில் நீங்களே செய்யலாம். என்னிடம் ஒருவர் 2,500 ரூபாய் கேட்டார். கொடுத்திருந்தால் இன்றைக்கு அதற்கும் ஒரு வீடியோ.

அப்புறம் சால்வை. கல்லூரி, சங்கம் என்று பேசக் கூப்பிடுகிறவர்கள் "சமூகத் தொழில்முனைவோர்" என்று மூச்சு வாங்க அறிமுகம் செய்கிறார்கள், ஒரு சால்வை, ஒரு மெமென்டோ. பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கொடுக்க ஒருவருக்கும் தோன்றாது. மெமென்டோவை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தூசி துடைக்கிற வேலைதான் மிச்சம். ஆனால் சால்வை! வீட்டில் 14 சேர்ந்துவிட்டது. ஜரிகைக் கரையை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி உடையும். நான் இரண்டு உடைத்தேன். துணி வழுவழு என்று நழுவும், ஓரம் பிரியும். எங்கள் மூத்த அக்காதான் ஊதுபத்தி முனையால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுச் சுட்டுக் காட்டினார், நூல் சுருங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு சால்வைக்கு 38 பை. கல்யாணக் கொலுசுக்கென்று பன்னிரண்டு ரூபாய்க்குப் போகிறது. தானமாக வந்ததை விற்கலாமா என்று கேட்காதீர்கள், சால்வை எனக்குப் போட்டது. மலைக்கு என்று வருகிற ஒரு பென்சில்கூட கடைப் பக்கம் வராது. கணக்கே தனித்தனி: சிவப்பு நோட்டு கடைக்கு, நீல நோட்டு மலைக்கு.

14 இல்லை, 13. ஒன்றைப் போன வாரம் மகள் கட்டிக்கொண்டு போனாள். பள்ளியில் மாறுவேடப் போட்டி, நான் சுத்தமாக மறந்துவிட்டேன். ஆர்டர் வேலையில் ராத்திரி ஒரு மணி வரை வெட்டிக்கொண்டிருந்தேன். காலை ஏழரைக்குச் சொல்கிறாள், வேன் எட்டுக்கு. சந்தன நிறச் சால்வை, விபூதிப் பட்டை, ஒட்டடைக் கம்பு, ஔவையார் தயார். வேன் போன பிறகு வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்தால் ஏதாவது ஒன்று கீழே விழத்தான் செய்கிறது. சாயங்காலம் மூன்றாம் பரிசோடு வந்தாள். அதுவும் ஒரு மெமென்டோ!

இந்த மூட்டையில் இருப்பது நாகலூர் தாண்டி ஒரு ஊரில் சாயங்கால டியூஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு. புது நோட்டு, 80 பக்கம், கோடு போட்டது. பழைய துணி வேண்டாம் என்று இரண்டு வீடியோவில் சொல்லியும் வீட்டு வாசலில் ஒரு சாக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உள்ளே ஜிப் போன பேன்ட், ஒற்றைச் சாக்ஸ். மலையில் இருக்கிறவர்களும் கண்ணாடி பார்ப்பார்கள் சாமி. பணமும் அனுப்ப வேண்டாம். நான் அறக்கட்டளை கிடையாது, வரிச்சலுகைக்குக் காட்டுகிற 80ஜி ரசீது என்னால் தர முடியாது. நோட்டு வாங்கிக் கொடுங்கள், போதும்.

இறங்கும்போது சிக்கரி கலக்காத காபித்தூள் கால் கிலோ வாங்க வேண்டும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதில் போய் எதற்குச் சிக்கரி?

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஒன்பது ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார், ஆனால் கையில் கொடுத்தது பத்தாயிரம்தான். மீதி 17,000. இன்றோடு ஒரு நாள் ஆகிறது. பதினாறாம் நாள் வீடியோ வந்தால் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். பதினாறாம் நாள் என்றால் எங்கள் அம்மா வாயைக் கழுவு என்பார். பாப்பா, பாக்கெட்டை மூடு, குரங்கு கிட்டே வருகிறது!