சிறுநீரகத்தில் வடு ஏன் தானாக நிற்பதில்லை

அவையோருக்கு வணக்கம். எடுத்த எடுப்பில் ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்துவிடுவோம்.

திரையில் தெரிவது பயாப்சி ஊசியில் வந்த சிறுநீரகத் திசு. நூல் கனம், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். அதை மெழுகில் பதித்து, சில மைக்ரான் கனத்துக்குச் சீவி, மேசன் டிரைகுரோம் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இந்தச் சாயத்தில் செல்கள் சிவப்பாகவும் கொலாஜன் நார் நீலமாகவும் தெரியும். இடப்பக்கம் நல்ல சிறுநீரகம். சிறுநீர் ஓடும் நுண்குழல்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் நீலம் மயிரிழை அளவுதான். வலப்பக்கம் பல வருடம் சர்க்கரை நோயைச் சுமந்த சிறுநீரகம். குழல்கள் சுருங்கி ஒன்றை விட்டு ஒன்று விலகிக் கிடக்கின்றன, இடைவெளி முழுக்க நீலம். இன்னும் உற்றுப் பாருங்கள்: குழல்களைச் சுற்றி ஓடவேண்டிய தந்துகிகளில் பல இல்லவே இல்லை.

அந்த நீலம்தான் வடு. கையில் கத்தி பட்டால் தழும்பு விழுகிறது, சில வாரங்களில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. சிறுநீரகத்திலோ முதல் காயம் ஆறிப் பல மாதம் கழிந்த பிறகும் நார் படிந்துகொண்டே போகிறது. ஏன்? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் இந்த உறுப்பின் உழைப்பைச் சொல்ல வேண்டும். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 300 கிராம். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சுவது என்றால் சோடியத்தைத் தள்ளும் பம்புகள் இரவு பகலாக ஓடவேண்டும். அதில் பெரும்பங்கு நுண்குழலின் முதல் பகுதியான அண்மை நுண்குழலின் தலையில் விழுகிறது. அதனால்தான் அந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவை எரிப்பது பெரும்பாலும் கொழுப்பு அமிலம். சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்துச் சமாளிக்கும் திறன் இந்தச் செல்லுக்கு மிகக் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் அதற்கு மாற்று வழி இல்லை. இதற்கு மேல், சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் அழுத்தம் இயல்பிலேயே 10 முதல் 20 மி.மீ. பாதரசம்தான். வெளிப்பகுதியில் அது 50 அளவில் இருக்கும். ஆக, நல்ல நாளிலேயே விளிம்பில் நின்று வேலை செய்கிற உறுப்பு இது.

மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறும்போது கொஞ்சம் கசியும். கசிந்த எலக்ட்ரான் ஆக்சிஜனில் ஏறினால் சூப்பராக்சைடு. அதை சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக்குகிறது. 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த நொதி அது. பிறகு காட்டலேஸும் குளூட்டாதையோன் பெராக்சிடேஸும் பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடுகின்றன. நடுவில் தனி இரும்பு அகப்பட்டால்தான் பெரிய கேடு: பெராக்சைடு ஹைட்ராக்சில் ரேடிக்கலாக உடைந்து, தொட்டதையெல்லாம் சிதைக்கும். இடிபாடுகளில் நசுங்கியவரின் தசையிலிருந்து மயோகுளோபினும், சில விரியன் கடிகளில் உடைந்த சிவப்பணுக்களிலிருந்து ஹீமோகுளோபினும் நுண்குழலுக்குள் கொட்டும்போது நடப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. இப்படி உண்டாகும் பொருள்களின் வரத்து, அவற்றை அடக்கும் நொதிகளின் சக்தியை மீறிவிடும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 'ஆக்சிஜன் ரேடிக்கல் விஷம்; அது செல்லைக் கொல்கிறது; செத்த இடத்தில் வடு விழுகிறது' என்பது அந்த முடிவு. வடுவைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். மிகக் குறைந்த அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு செய்தி. செல்லுக்குள் ஓடும் கட்டளைகளை அணைத்து வைக்கும் பாஸ்படேஸ் நொதிகளில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் ஒன்று இருக்கிறது. பெராக்சைடு பட்டதும் அது முடங்கும். கட்டளை அணையாமல் ஓடும். வடு தொடர்ந்து வளர்வதற்கு இந்தச் செய்தி நிற்காமல் போய்க்கொண்டிருப்பதே முக்கியக் காரணம். செல் சாவது அதற்கு அடுத்தபடி.

இந்தச் செய்தியை அனுப்புவது யார் என்றால், மைட்டோகாண்ட்ரியாவோடு நாக்ஸ்-4 என்ற நொதியும் சேர்த்தி. 2000-ஆம் ஆண்டில் அடையாளம் கண்டபோது சிறுநீரகத்தில் அவ்வளவு ஏராளமாக இருந்ததால் 'ரீனாக்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். அதன் நெருங்கிய உறவு நொதிகளுக்கு இயக்கிவிட வேறு புரதங்கள் வந்து சேரவேண்டும். நாக்ஸ்-4க்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. பி-22 என்ற துணைப் புரதம் மட்டும் கூட இருந்தால் போதும், சதா ஓடும். வெளியேவிடுவதும் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான். ஆகவே இந்த நொதி எவ்வளவு செய்யப்படுகிறதோ அவ்வளவு பெராக்சைடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வடுவின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அடுத்த பாத்திரம் டி.ஜி.எஃப்.-பீட்டா. வடுவுக்கு உத்தரவிடும் தலைமைப் புரதம் இது. திசுவில் எப்போதும் கையிருப்பாக இருக்கும், ஆனால் ஓர் உறைக்குள் பூட்டப்பட்டிருக்கும். உறை திறக்கப் பல வழிகள் உண்டு. அந்த உறைப் புரதம் ஆக்சிஜனேற்றம் அடைவதும் அதில் ஒன்று. திறந்த டி.ஜி.எஃப்.-பீட்டா செல்லின் ஏற்பியில் அமர்ந்ததும் ஸ்மாட்-2, ஸ்மாட்-3 என்ற தூதர்கள் உட்கருவுக்குள் போய் ஜீன்களைத் திறக்கின்றன. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், படிந்த நாரைக் கரையவிடாமல் தடுக்கும் பி.ஏ.ஐ.-1. கூடவே நாக்ஸ்-4! உத்தரவு நாக்ஸ்-4ஐப் பெருக்குகிறது. நாக்ஸ்-4 பெராக்சைடைப் பெருக்குகிறது. பெராக்சைடு அடுத்த உறையைத் திறந்து, உத்தரவை வலுப்படுத்துகிறது. முதல் காயம் போனாலும் வளையம் சுற்றுகிறது.

பிரேக் இல்லாமல் இல்லை. ஸ்மாட்-7 இந்த உத்தரவைத் தடுக்கும். வடு பிடித்த சிறுநீரகத்தில் அது சிதைந்துபோகிறது. என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதம் பாதுகாப்பு நொதிகளையெல்லாம் எழுப்பும். நோய் நாட்பட்டால் அதன் எழுச்சி மந்தமாகிறது.

நாரை நெய்வது யார் என்பதில் கருத்து மாறியிருக்கிறது. நுண்குழல் செல்களே உருமாறி நார் செல்களாகின்றன என்று வெகுகாலம் எழுதினார்கள். இன்று கிடைக்கும் சான்றுகளின்படி, நெய்பவை பெரும்பாலும் தந்துகிகளை அணைத்து நிற்கும் பெரிசைட்டுகளும் இடைத்திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும். அவை மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஆகி நெய்கின்றன. பெரிசைட் விலகிப்போனால் தந்துகிக்குத் தாங்கல் இல்லை, அது மடிகிறது. தந்துகி மடிந்தால் ஆக்சிஜன் குறைகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் கசிவு கூடுகிறது. தகட்டில் தந்துகிகளைக் காணவில்லையே, அதன் கதை இதுதான்.

நுண்குழல் செல் நெய்யாவிட்டாலும் நெய்யச் சொல்லிக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ. அடிபட்ட செல், பிரியும் பாதையில் ஜி2/எம் என்ற கட்டத்தில் சிக்கி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் வடுத் தூண்டிகளைச் சுரக்கிறது. 2010-இல் வெளிவந்த ஆய்வு இது. கொழுப்பு அமிலத்தை எரிக்கும் திறன் அந்தச் செல்களில் சரிவதும் வடுவுக்கு வழிவிடுகிறது என்பது 2015-இல் தெளிவானது.

ஆய்வகத்தில் இதைச் செய்துபார்க்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழைகள் ஒரே இடங்களில் திரும்பத் திரும்ப நேர்கின்றன. வழக்கமான முறை எளிது: எச்.கே.-2 என்ற மனித நுண்குழல் செல்களை முக்கால் பாகம் தட்டு நிறைய வளர்த்து, ஒரு நாள் சீரம் குறைத்துவிட்டு, மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டி.ஜி.எஃப்.-பீட்டா-1 சேர்த்து 48 மணி நேரம் விடுவது. கூழாங்கல் பரப்பியது போலிருந்த செல்கள் கதிர் போல நீளும். ஃபைப்ரோனெக்டின், மயோஃபைப்ரோபிளாஸ்ட்டின் அடையாளமான ஆல்ஃபா ஆக்டின் ஆகிய புரதங்கள் கூடியிருப்பதை வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் காணலாம்.

சர்க்கரை நோயின் நிலையைத் தட்டில் உருவாக்க 30 மில்லிமோல் குளுக்கோஸ் ஊற்றுகிறீர்கள் என்றால், ஒப்பிடும் தட்டில் 5.5 மில்லிமோல் குளுக்கோஸோடு 24.5 மில்லிமோல் மானிட்டால் இருக்கவேண்டும். இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது குளுக்கோஸின் விளைவா, கரைசலின் அடர்த்தி செய்த விளைவா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பெராக்சைடை நேரடியாக ஊற்றும் சோதனையில் ஊடகத்தில் பைருவேட் இருக்கிறதா என்று முதலில் போத்தலைத் திருப்பிப் படியுங்கள். பைருவேட் பெராக்சைடைத் தானே தின்றுவிடும்; 'இந்தச் செல் தாங்குகிறது' என்று தவறாக எழுதிவிடுவீர்கள். தவிர 300, 500 மைக்ரோமோல் என்று ஊற்றுவது உடலில் நடப்பதைக் காட்டாது. செல்லுக்குள் இயல்பான அளவு நானோமோல் கணக்கு.

ஆக்சிஜனேற்றத்தைக் காட்டப் பயன்படும் டி.சி.எஃப். சாயம் பச்சையாக ஒளிர்ந்தால் பெராக்சைடு என்று முடிவு கட்டாதீர்கள். அது பெராக்சைடோடு நேராக வினைபுரிவதே அரிது. இரும்பும் பெராக்சிடேஸ்களும் இடையில் நிற்கின்றன, விளக்கொளியே அதை ஒளிரவைக்கும். என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி மருந்தைப் போட்டதும் வடு அடங்கியது என்றாலும் அவசரம் வேண்டாம். டி.ஜி.எஃப்.-பீட்டாவே இரண்டு துண்டுகள் கந்தகப் பாலத்தால் பிணைந்த புரதம், அந்த மருந்தோ கந்தகப் பாலங்களை அவிழ்க்கக் கூடியது. நாக்ஸ்-4 ஜீனை அடக்கியும் அதே விளைவு வந்தால் அப்போது நம்பலாம்.

இனி மருத்துவத்துக்கு வருகிறேன். ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்றால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி மாத்திரை போட்டால் தீர வேண்டுமே? பெரிய ஆய்வுகள் நடந்தன. ஹோப் ஆய்வில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ நாலரை வருடம் கொடுத்தார்கள், இதயத்துக்கும் பலனில்லை, சிறுநீரகத்துக்கும் பலனில்லை. என்.ஆர்.எஃப்.-2ஐ எழுப்பும் பார்டாக்சலோன் என்ற மருந்தை, நான்காம் கட்டச் சிறுநீரக நோய் இருந்த 2,185 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தார்கள். இதயச் செயலிழப்பு கூடியதால் 2012-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரையாகப் போகும் எதிர்ப்பி, நாக்ஸ்-4 இருக்கும் மூலைக்கு, அந்தக் கணத்தில், போதுமான அளவில் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்தாலும் நல்ல செய்தி எது, நிற்காத செய்தி எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. வைட்டமின் சி-யை அளவுக்கு மீறி விழுங்குவது இன்னும் மோசம். உடலில் அதன் ஒரு பகுதி ஆக்சலேட் ஆகி, கால்சியத்தோடு சேர்ந்து நுண்குழலுக்குள் படிகமாகப் படியும். கேரளத்தில் கொழுப்பு குறையுமென்று இரும்பன்புளிச் சாற்றைக் குடித்தவர்களின் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததும் இதே ஆக்சலேட்டால்தான். சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் 'சுத்தப்படுத்தும்' சாறு என்று எதையும் தயவுசெய்து சிபாரிசு செய்யாதீர்கள்.

பலன் தந்தவை எவை? ஊற்றை அடக்கியவை. ஆஞ்சியோடென்சின்-2 இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு நாக்ஸ் நொதிகளையும் முடுக்கிவிடும். அதன் ஏற்பியை அடைக்கும் லோசார்டானை 1,513 பேரிடம் சோதித்த ரெனால் ஆய்வு 2001-இல் வெளியானது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள், நுண்குழல் குளுக்கோஸையும் சோடியத்தையும் உறிஞ்சும் வேலையைக் குறைக்கின்றன. வேலை குறைந்தால் ஆக்சிஜன் தேவை குறைகிறது. 2020-இல் வெளியான ஆய்வில் 4,304 பேர். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. இந்த மருந்துகளின் நன்மையில் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சின் உள்ளே அழுத்தம் குறைவதற்குப் பெரும்பங்கு உண்டு. எல்லாமே ஆக்சிஜனேற்றக் கணக்கு என்று நான் சொல்லவரவில்லை.

இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சற்று ஏறும். 'கிட்னியில் உப்பு ஏறிவிட்டது' என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. லோசார்டான் வகையில் நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம் வரையிலான ஏற்றம் பொறுத்துக்கொள்ளக் கூடியதே. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்வார். வாந்தி, பேதி வந்து சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாட்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் இந்த மருந்துகளோடு சேரவே கூடாது.

கிரியாட்டினினுக்காகக் காத்திருப்பதும் தவறு. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்களில் ஏறத்தாழப் பாதி போகும்வரை அது இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். அதற்குள் தகட்டில் நீலம் நிறைந்துவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை காலை முதல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை (ஏ.சி.ஆர்.) பார்க்க வேண்டும். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி இரண்டு முறை பாருங்கள். மூன்றில் இரண்டு கூடியிருந்தால்தான் அது நோய். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கடும் உடற்பயிற்சி நாட்களில் எடுக்க வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் 'யூரின் டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'ஏ.சி.ஆர்.' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரணச் சோதனைக் குச்சி இந்த அளவு ஆல்புமினைப் பெரும்பாலும் காட்டாது.