செஹ் வாழ்க்கை நிறைவானதே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஹங்கேரி நீச்சல் வீரர் லாஸ்லோ செஹின் நீச்சல் வாழ்க்கை நிறைவானதா, குறைபட்டதா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் 'குறைபட்டதே' என்று வெளுத்து வாங்கிவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து ஒலிம்பிக், நான்கு வெள்ளி, இரண்டு வெண்கலம், தங்கம் பூஜ்யம். இது அவர் போட்ட கணக்கு. கணக்கு சரிதான், தீர்ப்புதான் தப்பு.

ஹங்கேரியில் வெள்ளிக்கு மவுசு குறைவு என்று அவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். 1896-இல் ஏதென்ஸில், குளம்கூட இல்லாமல் குளிர்ந்த கடலில், உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு நீந்தி ஆல்ஃபிரெட் ஹாயோஷ் இரண்டு தங்கம் கொண்டுவந்த நாடு அது. அதே நாட்டு வீராங்கனை கிறிஸ்டினா எகர்செகி ஒலிம்பிக் தனிநபர் போட்டிகளில் மட்டும் ஐந்து தங்கம் எடுத்தார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை செஹ்.

சரி, 2008 பெய்ஜிங்குக்கு வருவோம். 400 மீட்டர் மெட்லி, அதாவது நான்கு வகை நீச்சலும் கலந்த போட்டி; 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல்; 200 மீட்டர் மெட்லி. மூன்றிலும் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் முதலிடம், மூன்றிலும் உலக சாதனை. மூன்றிலும் இரண்டாவது யார்? செஹ். பட்டாம்பூச்சியில் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து சுவரே தெரியவில்லை. அன்றைக்கும் செஹ் 0.67 நொடி பின்னால்தான்.

'ஃபெல்ப்ஸ் இல்லாதிருந்தால் மூன்றும் தங்கம்' என்று நான் சொல்வேன், உடனே 'அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா' என்று மடக்கலாம் என எதிரணி காத்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை ஐயா. மீசை வேண்டாம், கடிகாரம் போதும். அந்த மூன்று வெள்ளியும் மூன்று ஐரோப்பிய சாதனைகள்! ஒரே வாரத்துக்குள், அதுவரை எந்த ஐரோப்பியரும் போகாத வேகத்தில் மூன்று முறை போனவரிடம் இன்னும் என்ன கேட்கிறீர்கள்?

தங்கத்தின் நிறமே தெரியாதவர் போலப் பேசினார்கள். 2005 மாண்ட்ரியல் உலகப் போட்டியில் 400 மீட்டர் மெட்லித் தங்கம் யாருடையது? 2015 கசானில் 200 மீட்டர் பட்டாம்பூச்சித் தங்கம் யாருடையது? இடையில் பத்து ஆண்டுகள். நீச்சலில் பத்து ஆண்டு என்பது ஒரு தலைமுறை.

லண்டன் 2012-ஐ எதிரணி தொடவில்லை, நானே தொடுகிறேன். 400 மீட்டர் மெட்லி தகுதிச் சுற்றில் செஹ் ஒன்பதாவது. இறுதிக்கு எட்டுப் பேர்தான். எட்டாவதாக உள்ளே போனவர் அதே ஃபெல்ப்ஸ், வித்தியாசம் 0.07 நொடி. நகத்தை வெட்டாமல் விட்டிருக்கலாமே என்று எங்கள் அணியில் ஒருவர் இன்றைக்கும் புலம்புகிறார். நானாக இருந்தால் அன்று மாலையே விமானம் ஏறியிருப்பேன். செஹ் ஐந்து நாள் கழித்து 200 மீட்டர் மெட்லியில் வெண்கலத்தோடு வந்தார். அப்புறம் டோக்கியோவில், 35 வயதில், அதே 200 மீட்டர் மெட்லியில் இறுதிப் போட்டி வரை போய் ஏழாவதாக முடித்தார்.

மணி அடித்தாகிவிட்டது, ஒரே நிமிடம் நடுவர் அவர்களே. ரியோ 2016. 200 மீட்டர் பட்டாம்பூச்சியில் உலக சாம்பியனாக இறங்கிய செஹ் ஏழாவதாக வந்தார். 'முடிந்தது கதை' என்றார்கள். மூன்று நாள் கழித்து 100 மீட்டர் பட்டாம்பூச்சி. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் எடுத்தார். அடுத்து சுவரைத் தொட்டவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே நேரம், 51.14 நொடி. தென்னாப்பிரிக்காவின் சாட் லெ க்லோ, லாஸ்லோ செஹ், மூன்றாமவர் ஃபெல்ப்ஸ்! பெய்ஜிங்கில் மூன்று முறை முன்னால் போனவர், தன் கடைசித் தனிநபர் போட்டியில் செஹோடு அதே வெள்ளிப் படியில் நின்றார். அந்த வெள்ளியால் ஃபெல்ப்ஸின் வாழ்க்கையும் குறைபட்டதா என்று எதிரணித் தலைவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!