சனிக்கிழமை காலை எத்தனை பேர் வருவீர்கள்?

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் அம்மா அவர்களே, வாழ்த்துரை முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிடாமல் இன்னும் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே (அதற்கே தனியாக ஒரு நன்றி), நடுவர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, மைக் பார்த்துக்கொள்ளும் தம்பி, அப்புறம் பொருளாளர் அவர்களே. போன தடவை இவர் பெயரை விட்டுவிட்டேன், மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது, முதல் வரிசையில் பதக்கத்தோடு இருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே, வணக்கம்.

நான் ட்ரம்ஸ் வாசிக்கிறவன், பேச்சாளன் இல்லை. எங்கள் இசைக்குழு இந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்கு, அதாவது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டுப் போட்டிகளுக்கு, வாசிக்க வந்த கதை, பணம் திரட்டும் விதம், உங்களிடம் நாங்கள் கேட்பது என்று மூன்று விஷயம் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாள் கீபோர்டு பெட்டிக்குள் போய்விட்டது. பார்ப்போம்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இதை நான் சொல்லிச் சொல்லி, இப்போது நான் வாயைத் திறந்தாலே எங்கள் பேஸ் கிட்டார்காரர் முந்திக்கொண்டு முடித்துவிடுகிறார். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸும் அப்படிப் பழகிப் பழகி வந்ததுதான். 1962இல் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையார், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளை அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த தன் வீட்டுக்கே அழைத்து, ஓடவும் நீந்தவும் விளையாடவும் விட்டு ஒரு கோடை முகாம் நடத்தினார். சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் ஏறக்குறைய 1,000 பேரோடு முதல் போட்டி நடந்தது 1968 ஜூலை 20 அன்று. நடுவில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, எனக்கு அதில்தான் ஆர்வம்.

இதைப் பாரலிம்பிக்ஸ் என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். அது மாற்றுத்திறனாளிகளில் உச்சத்தில் இருப்பவர்களின் போட்டி. இங்கே எட்டு வயது நிரம்பினால் போதும், களமிறங்கலாம். முதலில் ஓடவிட்டு நேரம் குறித்து, வயதும் திறனும் ஒத்தவர்களை ஒரே பிரிவில் சேர்க்கிறார்கள், அதனால் மெதுவாக ஓடுகிறவருக்கும் பக்கத்தில் நிஜமான போட்டியாளர் இருப்பார். ஒருவர் விழுந்ததும் மற்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்து கைகோத்து ஓடினார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறதே, எனக்கு அது பிடிக்காது. இங்கே இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜெயிக்கத்தான் வந்திருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் வருஷம் நாங்கள் மலை போல ஸ்பீக்கர் அடுக்கினோம். முதல் பாட்டிலேயே நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஒருவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஒரு பயிற்சியாளர் வந்து, கோபப்படாமல், "சார், இவங்களுக்காக வாசிக்கிறீங்களா, ஸ்பீக்கருக்காகவா?" என்று கேட்டார். பாதி ஸ்பீக்கரை அப்போதே கழற்றினோம். பிராயச்சித்தமாக அடுத்த வாரம் பயிற்சியைப் பார்க்கப் போனேன். அங்கே நீளம் தாண்டும் தம்பி ஒருவர், நன்றாக ஓடி வருவார், கால் ஊன்றித் தாண்டும் பலகைக்கு இரண்டடி முன்னால் கால் தடுமாறி நின்றுவிடுவார். பத்துத் தடவை அப்படியே. எனக்குக் கை சும்மா இருக்காது, பெஞ்சில் குச்சியால் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் நின்று கேட்டார். திரும்பிப் போய் என் தட்டுக்குக் கால் வைத்து ஓடி வந்தார், தடுமாறாமல் தாண்டினார். நித்தம் நடையும் நடைப்பழக்கம் என்று அதே பாட்டில்தானே இருக்கிறது! அப்புறம் இரண்டு மாதம், வாராவாரம் நான், அவர், ஒரு பெஞ்சு. போட்டி நாளில் ஓரத்தில் நின்று நான் தாளம் தட்ட முடியாதல்லவா, அதனால் அவர் தன் தொடையிலேயே நாலு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பினார். சுத்தமான தாண்டல். நான்காம் இடம். நான்காம் இடத்துக்கு ரிப்பன் தருவார்கள், அதைக் குத்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நான் கையை விரித்தால், "நீ போன வாரம் வேகமா அடிச்சே. அதான்" என்றார். உண்மைதான், எனக்கு அன்றைக்கு வேறு கச்சேரிக்குப் போகிற அவசரம். என் தாளம் ஓடுகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு பாடகர்கூட நேரில் சொன்னதில்லை.

பணம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1987இல் பிரபல பாடகர்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு வெளியிட்டு, வருமானத்தை ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்கே கொடுத்தார்கள். நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை, வாசலில் உண்டியல் இருக்கிறது, விஷயம் முடிந்தது.

எனக்கு வேண்டியது ஆட்கள். யூனிஃபைட் ஸ்போர்ட்ஸ் என்று இருக்கிறது, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் சேர்ந்து பயிற்சி எடுத்துச் சேர்ந்து ஆடுவது. பதக்க நாளன்று அரங்கம் நிறைகிறது, சாதாரண சனிக்கிழமை காலையில் கால்பந்துக்கு இரண்டு பக்கமும் ஆள் தேறாமல் எங்கள் கீபோர்டுக்காரரைக் கோல் கம்பத்தில் நிறுத்துகிறோம். பந்து வந்தால் விரலைக் காப்பாற்றக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். அந்தப் பாட்டின் முடிவு, நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம் என்கிறது. அந்த ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. எனக்கெல்லாம் பிறவியில் அப்படி எதுவும் வரவில்லை, சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய்த்தான் பழகியது.

சித்திரமும் கைப்பழக்கம்... சரி, பேஸ் கிட்டார்காரர் சிரிக்கிறார், நிறுத்திக்கொள்கிறேன். மேடைக்குக் கீழே ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம், காலை ஆறரை மணி, பழைய ஷூ போதும். முதல் வரியில் தலைவர் ஐயாவின் பெயரை நானே எழுதிவிட்டேன். ஐயா, கோல் கீப்பர் இடம் காலியாக இருக்கிறது.