முதல் இரண்டு நிமிடம்: கேமரா யார் பக்கம் நிற்கிறது?

(திரையில்: தேயிலை மலைகளின் மேல் ட்ரோன். பனி. புல்லாங்குழல்.)

இந்த ஷாட்டை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். இலங்கையின் மலையகத்தில் ஒரு படத்தின் கதை நடக்கிறது என்றாலே முதலில் பறப்பது ட்ரோன்தான். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உயரத்திலிருந்து கொழுந்து பறிக்கிற பெண்கள் வெறும் வண்ணப் புள்ளிகள். கதை தொடங்கும் முன்பே நம்மைச் சுற்றுலாவுக்கு வந்தவர்களாக ஆக்கிவிடுகிறது அந்தக் கேமரா.

சரி, நாமே ஒரு தொடக்கத்தை அமைத்துப் பார்ப்போம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம், விடியற்காலை. ஒரு அம்மா பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குக் கிளம்புகிறாள். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கொஞ்ச நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை.

(திரை கறுப்பு. ஒலி மட்டும்.)

விறகு வெடிக்கிற சத்தம். ஒரு இருமல். இருமியது அவளல்ல, சுவருக்கு அந்தப் பக்கத்து ஆள். லயன் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பழைய லயன்களில் காம்பராக்கள், அதாவது ஒவ்வொரு குடும்பத்தின் அறைகள், ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுச்சுவர் கூரையைத் தொடாத லயன்களும் உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டை, ரேடியோ, பிள்ளை அழுகை எல்லாம் இங்கேயும் கேட்கும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அந்த ஒரு இருமல் போதும்: இந்த வீட்டில் தனிமை என்று ஒன்று கிடையாது. ஆள் தெரியாமல் குரல் மட்டும் வருவதால்தான் இது வேலை செய்கிறது. இருமுகிறவரைக் காட்டினால் அவர் இன்னொரு பாத்திரம் ஆகிவிடுவார்.

அப்புறம் படம். சின்ன அறைதானே என்று பலரும் 24 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிவிடுவார்கள். அதில் அறை இருப்பதைவிட விசாலமாகத் தெரியும். வீடு விற்கிற விளம்பரங்கள் செய்வது அதைத்தான். கேமராவை இஸ்தோப்புக்கும், அதாவது முன் திண்ணைக்கும், வெளியே தள்ளி வைத்து, 85 மில்லிமீட்டரில் கதவு வழியாக எடுங்கள். அடுப்பும் சுவரும் அவள் முதுகும் நெருங்கி வந்துவிடும். போனை எடுத்துப் பார்க்கிறாள், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிறாள், திரும்பவும் போனைப் பார்க்கிறாள். கட் இல்லாமல் ஒரே ஷாட். நடுவில் வெட்டினால் அந்த இரண்டாவது பார்வையின் கனம் போய்விடும்.

(திரையில்: மேட்டில் பங்களா, சரிவில் லயன்.)

உயரத்திலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துத் தெரிவார், கீழிருந்து எடுத்தால் ஓங்கி நிற்பார் என்று சினிமா வகுப்பில் சொல்லித் தருவார்கள். தோட்டத்தில் அந்தக் கோணங்களைத் துரைமார் காலத்திலேயே கட்டி வைத்துவிட்டார்கள். பங்களா மேலே, லயன் கீழே. பங்களா முற்றத்தில் ட்ரைபாடை ஊன்றினால் கிடைப்பது துரையின் பார்வைதான், இயக்குநர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும். நம் கேமரா அவள் தோள் உயரத்தில், பின்னாலேயே மேடு ஏறட்டும். மூச்சு வாங்கினால் கேமராவும் கொஞ்சம் குலுங்கட்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ஒரு காலத்தில் ஆட்களை எழுப்பத் தப்பு என்ற பறையை அடித்தார்கள். நம் கதையில் பெட்டரிச் சங்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு, ஊதட்டும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பெட்டரி ஒரு கிலோமீட்டர் தள்ளி எதிர் மலையில் இருந்தால், சங்கு அவள் காதுக்கு வர மூன்று விநாடி ஆகும். எடிட்டிங்கில் முதலில் பெட்டரியைக் காட்டி, பக்கத்தில் கேட்பதுபோல் சங்கைப் பலமாக வைக்கலாம், அது கட்டளை. அல்லது அவள் முகத்திலேயே நின்று, மலையில் மோதித் தேய்ந்து வரும் சத்தத்தை மட்டும் வைக்கலாம். அவள் நடையை எட்டிப் போடுகிறாள். அதே சங்கு, இப்போது அவளுடைய அவசரம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

மகன் விஷயம் பாக்கி. அவள் மலையில் கொழுந்து பறிக்கத் தொடங்குகிறாள், கை பழக்கத்தில் போகிறது. படம் அங்கேயே இருக்கும்போது ஒலி மட்டும் மாறுகிறது: பஸ் ஹார்ன், மூட்டை தூக்கும் நாட்டாமைமாரின் கூச்சல், கைவண்டிச் சத்தம். சில விநாடி கழித்துத்தான் கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டைக்கு கட். அடுத்த காட்சியின் ஒலியை முன்னால் இழுக்கும் இந்த முறைக்கு எடிட்டர்கள் ஜே கட் என்பார்கள். பெரும்பாலும் காட்சிகளை வழுக்கலாக இணைக்கத்தான் பயன்படுத்துவார்கள். இங்கே அவள் மனம் எங்கே இருக்கிறது என்பதையே அது சொல்லிவிடும்.

இசை? புறக்கோட்டை வரும் வரைக்கும் வேண்டாம். முன்னாலேயே சோக வயலின் வந்தால், போனைப் பார்த்த அந்த இரண்டாவது பார்வையை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.