‘இருந்தாலும்’ என்ற சொல்லோடு எனக்குள்ள வழக்கு

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

‘அழகு என்பது எது?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கடல் போன்ற தலைப்பு. அதன் ஒரு கரையில் மட்டும் நான் நின்றுகொள்கிறேன். தோலின் நிறம்.

போன மாதம் என் தங்கைக்குப் பேத்தி பிறந்தாள். பார்க்கப் போயிருந்தேன். பிறந்து இரண்டே நாள்; துணிச்சுற்றலுக்குள் கண்மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்தார். நேரே குழந்தையின் காது மடலை மெல்லத் திருப்பி, அதன் ஓரத்தை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். “காதோரம் கறுத்திருக்கு. அவ அம்மா கலர் வராது” என்றார். பெற்றவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் பிறந்த அன்றைக்கும் யாரோ ஒருவர் அவர் காதைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

‘கலர்’ என்கிறோம், கவனியுங்கள். “பொண்ணு நல்ல கலர்” என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான், வெளுப்பு. கறுத்த பெண் என்றால் “கலர் கம்மி”. உடற்கூறு தெரிந்தவர்களைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. கறுத்த தோலில் அது கூடுதல். வெயிலுக்கு உடம்பு தானே விரித்துக்கொண்ட குடை அது.

அதைவிட என்னை உறுத்துவது, பாராட்டு என்று நினைத்து நாம் சொல்லும் ஒரு வாக்கியம். “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.” அந்த ‘இருந்தாலும்’ மீதுதான் என் வழக்கு. களை என்பது முகத்தின் உயிர்ப்பு. அதற்கும் நிறத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியிருந்தும் கறுப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் களை வாசலுக்குள் வர வேண்டியிருக்கிறது. “சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் அந்த ‘இருந்தாலும்’ கிடையாது. வெள்ளிவீதியார் பாடியது. தலைவன் பிரிந்துபோயிருக்கிறான். கன்றும் குடிக்காமல், கறக்கும் பாத்திரத்திலும் விழாமல், நல்ல பசுவின் இனிய பால் மண்ணில் சிந்திப் போவதுபோல, எனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் என் அழகு போகிறதே என்கிறாள். எந்த அழகு? “என் மாமைக் கவினே” என்று முடிக்கிறாள். மாமை என்றால் மாந்தளிரின் நிறம் என்பார்கள்.

மாந்தளிரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? துளிர்த்த புதிதில் அது பச்சையாக இருக்காது. செம்பும் கருஞ்சிவப்பும் குழைந்த நிறம். எண்ணெய் தடவினாற்போன்ற மினுமினுப்பு. காம்பிலிருந்து துவண்டு தொங்கும். விரலால் தொட்டால் பட்டுபோல வழுக்கும். இந்தத் தளிரைப் பார்த்துத்தான் பெண்ணின் மேனிக்குப் பெயர் வைத்தார்கள். ‘மா’ என்பதற்குக் கருமை என்றே ஒரு பொருள் உண்டு. நாம் இன்றும் ‘மாநிறம்’ என்கிறோம். கல்யாண விளம்பரத்தில் அதைப் போடும்போது மட்டும் கொஞ்சம் தயங்குகிறோம்.

அந்த அழகைத் தின்பது எது? பசலை. அதாவது வெளிறிப்போவது. அவளுக்கு மாநிறம் அழகு, வெளிறல் நோய். வள்ளுவரும் பசலைக்கென்று ஓர் அதிகாரமே, பத்துக் குறள், ஒதுக்கியிருக்கிறார். “சாயலும் நாணும் அவர்கொண்டார் கைம்மாறா நோயும் பசலையும் தந்து” என்று ஒருத்தி புலம்புகிறாள். என் அழகை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இந்த வெளிறலைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று.

சங்க காலம் கறுப்பை மட்டுமே கொண்டாடியது என்று கைதட்டலுக்காக நான் அளக்க மாட்டேன். அதே குறுந்தொகையில் ‘பொன்போல் மேனி’யும் இருக்கிறது. இரண்டும் ஒரே தொகைக்குள் இருந்தன, ஒன்றுக்காக மற்றொன்று தலைகுனியவில்லை. அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, இராமனைப் பார்த்த கம்பர் மை, மரகதம், கடல், மழைமேகம் என்று நான்கைச் சொல்லிப் பார்த்து, எதுவும் போதாமல் “ஐயோ” என்று விட்டுவிடுகிறார். பட்டிமன்றங்களில் நீங்கள் நூறு முறை கேட்ட பாட்டுத்தான். ஆனால் அந்த ‘ஐயோ’ ஒரு கறுத்த மேனியைப் பார்த்து வந்தது என்பதை நூற்றியோராவது முறையாகச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

1975இல் வெளுப்பாக்கும் களிம்பு ஒன்று இந்தியக் கடைகளுக்கு வந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். சொல் போனது, ஆசை போகவில்லை. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத டப்பாக்கள் இன்றும் கைமாறுகின்றன. சிலவற்றில் பாதரசம். மெலனின் உருவாவதை அது தடுக்கும்; சில வாரங்களில் முகம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். கால் வீங்கும், சிறுநீரில் நுரை தள்ளும், புரதம் ஒழுகும். கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் இப்படி வந்தவர்களைப் பற்றி 2023இல் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். வெள்ளிவீதியாரின் தலைவி அஞ்சி நடுங்கிய பசலையை நாம் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொள்கிறோம்.

இவ்வளவும் பேசும் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழாசிரியையாக இருந்தேன். ஓர் ஆண்டு விழா. தமிழ்த்தாய் வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தது நான். வகுப்பில் ஒருத்திக்குக் கணீரென்ற குரல், பாட்டுகளெல்லாம் மனப்பாடம். கறுத்த பெண். வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, “நீ திரைக்குப் பின்னாடி நின்னு குரல் குடும்மா” என்றேன். மாமைக் கவினை வகுப்பில் நடத்திய அதே வருடம்.

விழா அன்று திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மைக்கைப் பிடித்து நின்றாள். முகம் முழுக்க ரோஸ் பவுடர். தாடையோடு பவுடர் நின்றுவிட, அதற்குக் கீழே அவளுடைய கழுத்து, அவளுடைய நிறத்தில். “உனக்கு எதுக்கும்மா பவுடர், நீ மேடைக்கே வரலையே?” என்றேன். “எல்லாருக்கும் போட்டாங்க மிஸ். எனக்கு மட்டும் ரெண்டு தடவை” என்றாள்.

கைக்குட்டையை எடுத்தேன். அதற்குள் திரை விலகிவிட்டது. அவள் குரல் எடுத்தாள். அரங்கம் முழுக்க வேடமிட்டவளைப் பார்த்துக் கைதட்டியது.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இந்தப் பேச்சு எந்த வழியாகவாவது அவள் காதுக்குப் போகுமானால், அந்த வேடம் உன்னுடையதுதான் அம்மா.